ரயர்தான் காரணம் என்றார்கள்

இரண்டு மாதம் ஆகப்போகிறது, இந்த இடத்தில் நான் எழுதி.

என் பத்தி வரவேண்டிய மூலையில் மூட்டுவலிக்கு எண்ணெய் காய்ச்சும் முறையும், மிஞ்சிப்போன இடியப்பத்தில் கொத்துப் போடும் விதமும் வந்ததாகக் கேள்வி. நல்லதுதான். என் எழுத்தை விட அவை பிரயோசனமானவை. ஆனாலும் சிலர் பத்திரிகைக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்திருக்கிறார்கள். "அக்கா வெளிநாடு போட்டாவோ?" என்று ஒருவர். சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி மட்டும் சுற்றி வளைக்காமல் கேட்டாராம்... "ஆள் உயிரோடைதானே இருக்கிறா?"

நான் இருக்கிறேன். என்னுடைய அண்ணைதான் இல்லை.

எப்படிச் செத்தார் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "தங்கச்சிக்காரி வாங்கின புதுக் காரிலை ஸ்பெயர் வீல் இல்லையாம். வழியிலை ரயர் போய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாமல், மனுசன் முடிஞ்சுது." செத்த வீட்டில் என் காதுபடவே சொன்னார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. கேட்டால் நம்பக்கூடிய கதைதான் அது. பாதி உண்மையும் கூட.

மற்றப் பாதியை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணைக்கு வயது அறுபத்தெட்டு. பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஆயுளில் பெரும்பகுதி சாரதியாக பஸ் ஓடியவர். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு முதலில் அவருடைய கண்ணைத் தொட்டது, பிறகு காலை, கடைசியாக இரண்டு சிறுநீரகத்தையும். பிள்ளைகள் இல்லை. அவரும் ரஞ்சி அண்ணியும் வல்வெட்டித்துறையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவில் இருந்தார்கள். நடுவில் ஒரு வேலி.

செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு யாழ்ப்பாணத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அண்ணிக்கு முழங்கால் ஏறி இறங்க விடாது. என் கணவருக்குக் கண்பார்வை போதாது. ஆகவே கூட்டிப்போவது நான். முதலில் ஓட்டோவில் போனோம். போகும்போது பரவாயில்லை. மெஷினிலிருந்து இறக்கிய உடம்பை ஓட்டோவில் வைத்துக் குலுக்கிக்கொண்டு வருவது இருக்கிறதே... கோப்பாய் தாண்டமுன் வாந்தி. அச்சுவேலியில் கால் குறண்டி இழுக்கும். ஒருநாள் அவர் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "மெல்லப் போகச் சொல்லு பிள்ளை" என்று ஓட்டோக்காரரைக் கெஞ்சினார். பஸ் ஓடும்போது யாருக்கும் வழி விடாத மனுசன்.

அன்றைக்குத்தான் கார் வாங்குவதென்று முடிவெடுத்தேன். வெளிநாட்டு வாகனங்களை இறக்க மீண்டும் அனுமதித்திருந்த காலம். நானும் கணவரும் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். எங்களுக்கு எட்டக்கூடிய சின்னக் கார் ஒன்று கிடைத்தது. முன் சீற் நன்றாகச் சாயும். அதைத்தான் பார்த்தேன். வேறு ஒன்றையும் பார்க்கவில்லை.

அண்ணை பார்த்தார். கார் வீட்டுக்கு வந்த அன்று, பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து சுற்றிச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு ரயரையும் காலால் தட்டினார். பின் கதவைத் திறக்கச் சொன்னார். அடியில் விரித்திருந்த கார்ப்பெற்றைத் தூக்கினார்.

"எங்கை பிள்ளை ஸ்பெயர் வீல்?"

"இப்ப வாற காருகளுக்கு இல்லையாம், அண்ணை."

"இல்லையாமோ?"

"ஒரு போத்தலும் ஒரு குட்டிப் பம்பும் தந்திருக்கினம். ரயர் போனா அந்த மருந்தை உள்ளுக்கை அடிச்சுப்போட்டுக் கராஜ் வரைக்கும் ஓடலாமாம்."

அவர் போத்தலை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு இருந்த இடத்திலேயே வைத்தார். "காரின்ரை விலையிலை ஒரு சில்லுக்குக் காசு காணாமல் போச்சுதாக்கும்" என்று சொல்லிவிட்டு முன் சீற்றில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு முகம் மாறியது. சீற் பிடித்துவிட்டது.

ஸ்பெயர் வீல் இல்லாத காரணத்தைக் கார் விற்ற பொடியன் எனக்கு வடிவாக விளக்கியிருந்தான். பாரம் குறையும், எரிபொருள் மிச்சம், பின்னுக்குச் சாமான் வைக்க இடம் கூட. இந்தக் காலத்தில் யாருக்கு மேடம் பஞ்சர் ஆகிறது? எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. கூப்பிட்டால் உடனே ஆள் வந்து நிற்கும் ஊர்களில் இருக்கிறவர்கள் யோசித்துச் செய்த கார் அது. அந்த ஊர் மனிதர்களுக்கு அவசரம் என்றால் ஒரு ஃபோன். எங்களுக்கு?

எங்களுக்கு வல்லை வெளி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வடமராட்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் தாண்ட வேண்டிய வெட்டவெளி அது. இரண்டு பக்கமும் உவர் நிலமும் நீரேரியும். வீடு இல்லை, கடை இல்லை, ஒதுங்க ஒரு மர நிழல் இல்லை. காற்று மட்டும் தாராளமாக இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வெளியின் நடுவில் போய்க்கொண்டிருந்தோம். எதிரே வந்த மணல் டிப்பர் ஒன்று பஸ்ஸை முந்திக்கொண்டு எங்கள் பக்கத்துக்கு ஏறியது. நான் இடப்பக்கம் ஒதுக்கினேன். தார் உடைந்த விளிம்பில் சில்லு இறங்கி, கல்லில் அடித்து, திரும்ப ஏறியது. டப் என்று ஒரு சத்தம்.

"நிப்பாட்டு பிள்ளை," என்றார் அண்ணை. "பின் இடது."

இறங்கிப் பார்த்தேன். பின் இடதுதான். ரயரின் பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல்.

ஆனாலும் போத்தல் இருக்கிறதே! எடுத்தேன். பம்பை இணைத்தேன். படத்தைப் பார்த்துப் பார்த்து எல்லாம் சரியாகத்தான் செய்தேன். பம்ப் உறுமியது. உள்ளே போன வெள்ளைத் திரவம் அந்தக் கிழிசலால் அப்படியே வெளியே வந்து தார் றோட்டில் வழிந்தது. அண்ணை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"உது ஆணி குத்தின ஓட்டைக்குத்தான் சரி. கிழிஞ்சதுக்கு உது என்ன செய்யும்? வயிறு கிழிஞ்சவனுக்குப் பிளாஸ்ரர் ஒட்டுற மாதிரி."

கார்க் கம்பெனி தந்த அவசர இலக்கத்துக்கு ஃபோன் எடுத்தேன். ஒரு பாட்டு. பிறகு ஒரு பெண் குரல். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நிலைமையைச் சொன்னேன். எந்த நகரத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்டார். நகரம் இல்லை, வெளி என்றேன். பக்கத்து நகரம்? சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம். ஆள் அனுப்பலாம், ஆனால் பின்னேரம் ஆகும் என்றார் மரியாதையாக. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டார்.

உதவிக்கு ஆள் வராமல் இல்லை. எங்கள் சனம் அதில் குறை வைக்காது. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தினார். "காத்துப் போட்டுதோ அக்கா? ஸ்பெயரை எடுங்கோ, மாத்தித் தாறன்." ஸ்பெயர் இல்லை என்றேன். "வீட்டிலை விட்டிட்டு வந்திட்டியளோ?" அடுத்து ஒரு வான்காரர். அவரும் அதே கேள்வி. பிறகு மீன் பெட்டி கட்டிய சைக்கிளில் ஒரு ஐயா. அவர் நம்பவே இல்லை. தானே கார்ப்பெற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணைக்குச் சிரிப்பு. "எனக்கு ஆண்டவன் கிட்னி ரெண்டு தந்து ரெண்டும் ஒண்டாப் போட்டுது. உனக்கு முதலே தராமல் விட்டிட்டாங்கள்."

நெல்லியடியில் தெரிந்த ஓட்டோக்காரரைக் கூப்பிட்டேன். ஒரு சவாரி போய்க்கொண்டிருப்பதாகவும் இறக்கிவிட்டு வருவதாகவும் சொன்னார். நேரத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் எங்கள் முறை தொடங்கியிருக்கும். றோட்டில் அங்கும் இங்கும் நடந்தேன்.

"பதறாதை. வந்து இரு," என்றார் அண்ணை.

சாரதி சீற்றில் போய் உட்கார்ந்தேன். நான்கு கதவையும் திறந்துவிட்டோம். காற்று காருக்குள்ளால் புகுந்து போனது. அண்ணை நீரேரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தண்ணிப் போத்தலை எடு."

எனக்கென்று நான் கொண்டுவரும் போத்தல் அது. அவருக்குத் தண்ணீர் அளவுதான். காலையில் அண்ணி ஒரு சின்னப் போத்தலில் ஊற்றி வைப்பார். மருந்து குடிக்கவும், வாய் நனைக்கவும், நாள் முழுவதற்கும் அதுதான். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் குடிக்கும் தண்ணீருக்குப் போக வழியில்லை. காலில் இறங்கும், நெஞ்சில் ஏறும். அன்றைக்கே கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் புதைந்து கிடந்தது. வாய் நனைக்கத்தான் கேட்கிறார் என்று போத்தலைக் கொடுத்தேன்.

மூடியைக் கழற்றினார். குடிக்கத் தொடங்கினார். நிறுத்தவில்லை.

"அண்ணை! என்ன வேலை பாக்கிறியள்?"

பிடுங்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். முழுவதையும் குடித்தார். கடைசித் துளி வரைக்கும். வெறும் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"எவ்வளவு காலமடி பிள்ளை, ஒரு போத்தல் தண்ணியை ஒரே மூச்சிலை குடிச்சு."

"நெஞ்சு முட்டப்போகுது உங்களுக்கு!"

"முட்டட்டும்." பிறகு, கடைக்குப் போவதா விடுவதா என்று கேட்பது போல, "இண்டைக்குப் போகாமல் விட்டா என்ன?" என்றார்.

"என்ன கதை கதைக்கிறியள்? ரயர் போனதுக்கு ஆஸ்பத்திரியை விடுறதே?"

"ரயர் போகாட்டியும் இதைத்தான் கேட்டிருப்பன். எங்கை வைச்சுக் கேக்கிறது எண்டுதான் தெரியாமல் இருந்தது. வீட்டிலை ரஞ்சி. ஆஸ்பத்திரியிலை சனம். நீ கார் ஓடேக்கை உன்னட்டைக் கதை குடுக்கப் பயம்." சிரித்தார். "இப்ப உன்னாலை எங்கையும் ஓட ஏலாதுதானே."

நான் சிரிக்கவில்லை.

"இஞ்சை பார். செவ்வாய் போய் வந்தா புதன் முழுக்கப் படுக்கை. வியாழன் கொஞ்சம் மனுசனா இருக்கிறன். வெள்ளி திரும்ப ஊசி. பிறகு சனி, ஞாயிறு படுக்கை. திங்கள் கால் வீங்கத் தொடங்குது. கிழமையிலை ஒரு வியாழனுக்காக மிச்சமெல்லாம் படவேண்டிக் கிடக்கு. அந்த வியாழனும் இப்ப நல்லா இல்லை."

"டொக்டரிட்டைக் கதைப்பம். மருந்தை மாத்துவினம்..."

"போன மாதம் டொக்டர் உன்னட்டை என்ன சொன்னவ? இதயமும் களைச்சுப் போச்சுது, கனகாலம் இழுக்காது எண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான். நித்திரை எண்டு நினைச்சனீங்கள்."

ஒரு லொறி எங்களைக் கடந்து போனது. கார் ஒருமுறை ஆடி நின்றது.

"ரஞ்சி அண்ணி?" என்று மட்டும் கேட்டேன்.

"அதுக்குத்தான் உன்னட்டைச் சொல்லுறன். நீ சொல்லு அவளுக்கு."

"நானோ? நீங்களெல்லோ சொல்ல வேணும்!"

"நான் சொன்னா அவள் அழுவாள். அவள் அழுதா நான் திரும்பவும் போவன். எனக்கு என்னைத் தெரியும்."

"நான் சொன்னா அவ ஆயுளுக்கும் என்னோடை கதைக்க மாட்டா, அண்ணை."

"ஓம்." வெறும் போத்தலுக்கு மூடியைப் பூட்டினார். "அதையும் யோசிச்சுப் பாத்திட்டுத்தான் கேக்கிறன். உன்னாலை தாங்க ஏலும்."

என்ன மனுசன்! கடைசியில் எனக்கென்று விட்டுப்போக அதுதானா அவருக்குக் கிடைத்தது? அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இறங்கி, காருக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

அப்படி நிற்கும்போதுதான் வெங்காய மூட்டை ஏற்றிய பட்டா லொறி ஒன்று வந்து நின்றது. சின்ன லொறி. முன்னால் இரண்டு பேர் இருக்கலாம். லொறியை ஓடி வந்தவர் இறங்கி, ரயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே அண்ணையைப் பார்த்தார். ஸ்பெயர் வீலைப் பற்றிக் கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

"ஐயாவுக்கு முகம் சரியில்லை. எங்கை போகவேணும்?"

சொன்னேன்.

"நான் சுன்னாகம் சந்தைக்குப் போறன். அது கிடக்கட்டும். ஐயாவை முன்னுக்கு இருத்துவம். நீங்கள் பின்னாலை ஏறுவியளோ அக்கா?"

ஏறினேன். சேலையைச் செருகிக்கொண்டு வெங்காய மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்தேன். முன்பக்கத்தின் சின்னக் கண்ணாடியால் அண்ணையின் பின்தலை தெரிந்தது. வெளி தாண்டும் வரைக்கும் தலை நிமிர்ந்துதான் இருந்தது. நீர்வேலிக்குக் கிட்ட அது முன்னால் சாய்ந்தது. தோள் ஏறி ஏறி இறங்கியது. குடித்த தண்ணீர் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. நான் கண்ணாடியில் அடித்தேன். லொறி ஓடியவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஹோர்னை விடாமல் அமத்திக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன். சற்று முன்தான் அவர் சாகப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். ஆனாலும் அப்படி இல்லை, அப்படி இல்லை, வெங்காயத்துக்கும் வெயிலுக்கும் நடுவில் மூச்சு முட்டி இல்லை என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியோடு ஆட்கள் ஓடி வந்தார்கள். எங்கள் முறை போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. நேரே மெஷினுக்குக் கொண்டுபோனார்கள். "என்ன குடிச்சவர்?" என்று கேட்டார் தாதி. தண்ணீர் என்றேன். அவர் அண்ணையின் முகத்தைப் பார்த்தார். என்னை ஏசவில்லை. நான் வெளியே வந்து பார்க்கும்போது வெங்காய லொறி போய்விட்டது. பெயர் கூடக் கேட்கவில்லை.

மூச்சு சீராகிக் கண் திறந்ததும் அண்ணை என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"நான் சொன்னதிலை மாற்றம் இல்லை."

டொக்டர் இளம்பெண். திரையை இழுத்துவிட்டு அவரோடு நெடுநேரம் தனியாகக் கதைத்தார். பிறகு என்னை வெளியே கூட்டிவந்தார். "அவருக்கு அறிவு தெளிவா இருக்கு. என்ன நடக்கும் எண்டு விளங்கித்தான் சொல்லுறார். நாங்கள் வற்புறுத்த மாட்டம். நோகாமல் இருக்க மருந்து தருவம். எந்த நேரமும் மனம் மாறினா வரலாம். ஆனா வீட்டிலை மறைக்க வேண்டாம் அம்மா. அவரின்ரை மனுசிக்குச் சொல்லுங்கோ."

அன்று பின்னேரம் ஓட்டோ பிடித்து அவரை வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு, குசினிக்குப் போனேன். அண்ணி கரட்டை அவித்து, தண்ணீரை வடித்து, திரும்பவும் அவித்துக்கொண்டிருந்தார். அண்ணையின் உடம்புக்கு ஆகாத உப்புப் போக எல்லாவற்றையும் அப்படி இரண்டு தரம் அவிக்க வேண்டும். எத்தனையோ மாதமாக அண்ணியும் அதையேதான் சாப்பிட்டார்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அண்ணி வடித்துக்கொண்டிருந்த சட்டியை வைக்கவில்லை. கடைசி வரை வடித்து முடித்தார்.

"இதை அவர் சொன்னவரோ, நீ சொன்னனியோ?"

"அவர்தான் அண்ணி."

"உனக்கு ஏத்தி இறக்கிக் களைச்சுப் போச்சுது. கார் பழுதானது நல்ல சாட்டு."

பேசாமல் நிற்பதுதான் என்னிடம் கேட்கப்பட்ட உதவி.

அண்ணி அறைக்குப் போனார். வெளியே வந்தபோது முகம் கல் மாதிரி இருந்தது. "கேட்டனான். சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார்" என்றார் வாசலைப் பார்த்து. எனக்குச் சொன்னாரா, வாசலுக்குச் சொன்னாரா? அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை.

கார் எங்கே என்று கேட்பீர்கள். வல்லை வெளியிலிருந்து கட்டியிழுத்து அச்சுவேலியில் ஒரு ரயர்க் கடையில் விட்டிருந்தது. கடைக்காரர் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "உது ஒட்டுப்போட ஏலாது அக்கா. உந்தச் சைஸ் ரயர் யாழ்ப்பாணத்திலை ஒருத்தரிட்டையும் இல்லை. கொழும்பிலை இருந்துதான் வரவேணும்" என்றார். வரட்டும் என்று விட்டேன். யாருக்கு அவசரம்?

வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணை போகவில்லை. எங்கள் ஒழுங்கையில் வான் வைத்திருப்பவர் காலையிலேயே வந்து கேட்டார். "கார் இல்லையாமே. நான் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டு வாறன் அண்ணை." அண்ணை படுக்கையிலிருந்து கையசைத்தார். "இண்டைக்கு வேண்டாம் தம்பி." அடுத்த செவ்வாயும் அதே பதில்.

அந்த நாட்களில் அண்ணி அவருக்குத் தேநீர் பெரிய கோப்பை நிறையக் கொடுத்தார். இரண்டு தரம் அவிக்காத கறி சமைத்தார். வாழைப்பழம் உரித்து ஊட்டினார். அவர் சாப்பிட்டது கொஞ்சம்தான். பிறகு அதுவும் இல்லை. நித்திரை கூடியது. டொக்டர் தந்த மருந்து வேலை செய்தது, பெரிதாக நோகவில்லை. ஆனால் இலேசான சாவு என்று நான் எழுத மாட்டேன். மூச்சு வாங்கும்போது அவர் கண்ணில் பயம் இருந்தது. முடிவு எடுத்த ஆளுக்கும் பயம் இருக்கும் என்று அப்போதுதான் கண்டேன். ஒருமுறை "அண்ணை, போவமே ஆஸ்பத்திரிக்கு?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார், இல்லை என்று. அண்ணியின் கையை மட்டும் விடவில்லை.

ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் விசாரிப்பது கேட்டது. "ஏன் ரஞ்சியக்கா, அவரைக் கொண்டுபோகேல்லை?" அண்ணியின் குரல் தெளிவாகக் கேட்டது. "கார் பழுது. ரயர் கொழும்பிலை இருந்து வரவேணுமாம். அதிலை ஸ்பெயர் வீலும் இல்லையாம்."

உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றேன். சுட்டதுதான். ஆனால் அவர் வேறு என்ன சொல்வார்? என் மனுசன் என்னை விட்டுப் போக முடிவெடுத்துவிட்டார், அதைத் தன் வாயால் எனக்குச் சொல்லக்கூட இல்லை என்றா? ரயர் நல்ல காரணம். யாருக்கும் நோகாது. எனக்கு மட்டும்தான்.

இரண்டாம் கிழமையில், ஒரு விடியற்காலை, அண்ணை போய்ச் சேர்ந்தார்.

செத்த வீட்டன்று அச்சுவேலிக் கடைக்காரர் ஃபோன் எடுத்தார். "அக்கா, ரயர் வந்திட்டுது." விஷயம் தெரியாத மனுசன். தெரிந்ததும் தானே பூட்டி, தானே காரை ஓடிக்கொண்டு வந்து வாசலில் விட்டார். வந்தவர்கள் எல்லோரும் உள்ளே போகமுன் ஒருதரம் நின்று, ஊத்தை படாத அந்த ஒற்றைச் சில்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "உதுதானாம்" என்று ஒருவர் மற்றவருக்குக் காட்டினார். ஒரு தூரத்து மாமா என்னைப் பிடித்து, "வாங்கேக்கை ஒருக்காப் பாத்து வாங்கியிருக்கக் கூடாதே பிள்ளை?" என்றார். ஓம் மாமா என்றேன். அண்ணி தலைமாட்டில் இருந்தபடி என்னைப் பார்த்தார். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார்.

போன கிழமை அந்தியேட்டி, முப்பத்தொராம் நாள் காரியம். கீரிமலையில் கிரியைகள். வெளியூரிலிருந்து வந்திருந்த என் மகன்தான் கடமை செய்தான். குளித்து முடித்து, வீட்டுச் சமையலுக்கு நேரமாகிவிட்டதென்று எல்லோரும் அவசரமாக வானில் ஏறினார்கள். அண்ணிக்கு முன் சீற்றைக் கழுவித் துடைத்து வைத்திருந்தான் வான்காரத் தம்பி. அண்ணி ஏறவில்லை. முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து, என் காரின் கதவைத் திறந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தலை ஈரம் காயவில்லை. காரை எடுத்தேன். கடற்கரை தாண்டி, தோட்டங்களுக்கு நடுவில் வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"அவர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

காரை ஓரம் கட்டினேன். இந்தக் கேள்விக்கு ஓடிக்கொண்டே பதில் சொல்ல முடியுமா?

"நீங்கள் அழுதா தான் திரும்பவும் போவன் எண்டவர், அண்ணி."

அண்ணி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு உழவு இயந்திரம் எங்களைத் தாண்டி, சத்தம் அடங்கும் தூரத்துக்குப் போனது.

"அழுதிருப்பன்," என்றார்.

"ஓம்."

"அவரும் போயிருப்பார்."

"ஓம் அண்ணி."

"இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார்." அதை அவர் கேள்வியாகச் சொல்லவில்லை. மடியில் இருந்த ஈரத் துவாயை அவர் மடித்தார். விரித்தார். திரும்ப மடித்தார். பிறகு, கீரிமலையில் அழாத அண்ணி, வாயைப் பொத்தாமல், முகத்தை மறைக்காமல், அந்தச் சின்னக் காருக்குள் சத்தமாக அழுதார். நான் அவரைத் தொடவில்லை. தொட விடுவாரோ தெரியவில்லை.

வல்வெட்டித்துறைக்குக் கிட்ட வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ இப்ப பேப்பரிலை எழுதுறேல்லையோ?"

"இல்லை அண்ணி. என்னத்தை எழுதுறது?"

"இதை எழுது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தானா நிண்டவர் எண்டு எழுது." கொஞ்சம் பொறுத்து, என்னைப் பார்க்காமல், "ரயரிலை பழியைப் போட்டது நான்தான். அதையும் எழுது" என்றார்.

எழுதியாயிற்று, அண்ணி.